ஆறு அசைவுக்கு ஆறு முட்டு: ஃபிக்ஸ்சரில் ஜாபை உட்காரவைக்கும் கணக்கு

ஃபிக்ஸ்சரில் (ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உட்காரும்படி மெஷினில் பிடித்துவைக்கும் சாதனம்) கட்டித் துளையிட்ட ஜாப்களில், அதாவது வேலை செய்யும் உலோகத் துண்டுகளில், பெரும்பாலானவை சரியாக வந்து, சில மட்டும் 0.1 மி.மீ. விலகி வந்தால் மெஷின் மேல்தான் முதலில் சந்தேகம் விழும். ஸ்பிண்டிலுக்கு டயல் போட்டுப் பார்ப்பார்கள், டிரில்லை மாற்றுவார்கள். அதற்கு முன்னால், ஜாப் ஃபிக்ஸ்சரில் எத்தனை இடத்தில் முட்டுகிறது என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. ஐந்து என்றால் ஜாப் எங்கோ நகர்கிறது. ஏழு என்றால், அந்த ஏழில் எந்த ஆறு தொடுகிறது என்பது ஜாபுக்கு ஜாப் மாறுகிறது. இரண்டுமே கெடுதல்தான். ஆனால் இரண்டாவதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். கையால் அசைத்துப் பார்த்தால் எல்லாம் நன்றாக இறுகித்தான் இருக்கும்.

எண்ணுவது எப்படி

வளையாத ஒரு பொருள் ஆறு விதமாக அசைய முடியும். எக்ஸ், ஒய், இசட் என்ற மூன்று அச்சுகளின் வழியே நகர்வது மூன்று. அதே அச்சுகளைச் சுற்றித் திரும்புவது மூன்று. பதினோராம் வகுப்பு இயற்பியலில் சுதந்திர இயக்கக் கூறுகள் என்று படித்தது இதைத்தான். அங்கே வாயு மூலக்கூறுக்கு எண்ணியதை இங்கே காஸ்டிங்குக்கு (வார்த்தெடுத்த துண்டு) எண்ணுகிறோம். ஒவ்வொரு அசைவுக்கும் முன், பின் என இரண்டு திசை உண்டு என்பதால் மொத்தம் 12 திசைகள்.

ஒரு முட்டுப் புள்ளி ஓர் அசைவை மட்டும் எடுத்துக்கொள்ளும். அதுவும் ஒரு திசையில்தான். எதிர்த் திசையைக் கிளாம்ப் (ஜாபை அழுத்திப் பிடிக்கும் பிடி) பார்த்துக்கொள்ள வேண்டும். நடைமுறையில் நாம் வைப்பவை புள்ளிகள் அல்ல. பிளேட், பின், வி பிளாக் போன்றவை. அவை ஒவ்வொன்றும் எத்தனை அசைவைப் பிடிக்கும் என்று மனதில் இருந்தால் கணக்கு நிமிடத்தில் முடியும்:

சமதளம் (அல்லது ஒரே மட்டத்தில் மூன்று பட்டன், அதாவது ஜாப் உட்காரும் குட்டைக் குமிழ்): 3
துளைக்குள் குட்டையான உருண்டைப் பின்: 2
துளைக்குள் நீளமான உருண்டைப் பின்: 4
டயமண்ட் பின் (இரு பக்கமும் சீவிய பின், விவரம் பின்னால்): 1
தண்டு உட்காரும் நீளமான வி பிளாக்: 4, குட்டையான வி பிளாக்: 2
ஓரத்தில் ஒரு முட்டு பின்: 1

வரைபடம் போடுவதற்கு முன் ஒரு தாளில் ஆறு கோடு கிழித்து, எந்த முட்டு எந்த அசைவை எடுக்கிறது என்று எதிரே எழுதுங்கள். ஒரு கோடு காலியாக இருந்தாலும் நிறுத்துங்கள். ஒரே கோட்டில் இரண்டு பேர் வந்தாலும் நிறுத்துங்கள். மொத்தம் ஆறு வந்துவிட்டது என்பது மட்டும் போதாது. ஒரே ஓரத்தில் மூன்று பின்னும் இன்னொரு ஓரத்தில் பின்னே இல்லாமலும் இருந்தால் கூட்டுத்தொகை ஆறுதான், ஆனால் ஓர் அசைவு இரட்டித்து இன்னொன்று திறந்து கிடக்கிறது.

முதல் ஆபரேஷன்: கச்சா காஸ்டிங்

200 × 120 × 40 மி.மீ. அளவுள்ள ஒரு வார்ப்பிரும்பு பிராக்கெட்டை எடுத்துக்கொள்வோம். முதலில் ஒரு பெரிய முகத்தை மில்லிங் செய்து, அதில் இரண்டு துளை போட்டு ரீமிங் செய்ய (துளையைச் சரியான அளவுக்குச் சீவி முடிக்க) வேண்டும். இப்போதைக்கு எந்த முகமும் மெஷினிங் ஆகவில்லை.

மூன்று பட்டன் எதிர்ப் பக்கத்துப் பெரிய முகத்துக்குக் கீழே, இரண்டு பின் நீளமான பக்கத்தில், ஒரு பின் குறுகிய பக்கத்தில். 3-2-1 என்று எல்லா டூல் ரூமிலும் சொல்வது இதைத்தான். எந்தப் பக்கம் சாயப் பார்த்தாலும் ஜாப் ஏதோ ஒரு பட்டனில் முட்டும் என்பதால், கீழே உள்ள மூன்றும் சேர்ந்து 12 திசைகளில் ஐந்தை அடைக்கின்றன: கீழே இறங்குவது, எக்ஸைச் சுற்றி இரு பக்கமும் சாய்வது, ஒய்யைச் சுற்றி இரு பக்கமும் சாய்வது. பக்கத்து இரண்டும் மூன்று திசைகளை, கடைசி ஒன்று ஒரு திசையை. ஆக ஒன்பது. மீதி மூன்று திசைகள் கிளாம்பின் பொறுப்பு.

மூன்றைப் பெரிய முகத்துக்கும் இரண்டை நீளமான பக்கத்துக்கும் கொடுப்பதற்குக் காரணம் தூரம். பட்டன்களுக்கு இடையே 160 மி.மீ. இருக்கும்போது ஒன்றின் அடியில் 0.05 மி.மீ. தூள் மாட்டினால், 200 மி.மீ. நீளத்தில் ஜாப் சுமார் 0.06 சாய்கிறது. அதே பட்டன்களை 40 மி.மீ. இடைவெளியில் வைத்திருந்தால் 0.25 சாயும். இடம் இருக்கிற மட்டும் பட்டன்களை விரித்து வையுங்கள். ஆனால் துளை விழும் இடமும் கிளாம்ப் அழுத்தும் இடமும் மூன்று பட்டன்களும் சேர்ந்து அமைக்கும் முக்கோணத்துக்குள் இருக்க வேண்டும். வெளியே விழுந்தால் டிரில் அழுத்தும்போது ஜாப் எதிர்ப் பக்கம் தூக்கும்.

கச்சா முகத்துக்குத் தலை வளைந்த பட்டன் போடுங்கள். தட்டைத் தலை, மெஷினிங் ஆன முகத்துக்கு மட்டும். தட்டைப் பட்டன் மேல் மேடு பள்ளமான வார்ப்பு முகம் உட்கார்ந்தால் பட்டனின் எந்த ஓரம் தொடுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. பட்டனை ஈஎன்31 எஃகில் செய்து 58 முதல் 60 எச்ஆர்சி வரை கடினப்படுத்தினால் சீக்கிரம் தேயாது. மூன்றையும் பேஸ் பிளேட்டில் அமுக்கிய பிறகு ஒன்றாகச் சேர்த்து சர்ஃபேஸ் கிரைண்டிங் செய்வது, தனித்தனியாக உயரம் சரிபார்ப்பதைவிட நம்பகமானது. தட்டைத் தலைக்கு மட்டுமே இது பொருந்தும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பின்கள் தொடும் இடத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அச்சின் இரு பாதியும் சேரும் கோடு, ரைசர் வெட்டிய இடம், எண் பொறித்த இடம் எல்லாம் வார்ப்புக்கு வார்ப்பு மாறும். பக்கச் சுவரில் டிராஃப்ட் சரிவு (அச்சிலிருந்து சுலபமாக எடுக்க விடும் சாய்வு) இருப்பதால் இரண்டு பக்கப் பின்களும் ஒரே உயரத்தில் தொட வேண்டும். இல்லாவிட்டால் ஜாப் லேசாகத் திரும்பி உட்காரும்.

கச்சா முகத்தை ஒரே ஒரு முறைதான் ஆதாரமாக வைக்கலாம். இரண்டாவது முறை அதே முகத்தில் வைத்தால் ஜாப் பழைய இடத்தில் உட்காராது. முதல் ஆபரேஷனில் செய்த முகத்துக்கும் இரண்டாவதில் போட்ட துளைக்கும் உறவே இல்லாமல் போகும்.

நான்காவது பட்டன் என்னும் ஆசை

மெலிந்த காஸ்டிங் என்றால் கட்டர் பட்டதும் அதிரும். உடனே நான்காவதாக ஒரு பட்டன் வைக்கத் தோன்றும். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கும், நாற்காலிதான் ஆடும் என்பது இங்கேயும் அப்படியே. நான்கு பட்டனில் வைத்த கச்சா காஸ்டிங் மூன்றில் நிற்கும், நான்காவதில் அந்தரத்தில் இருக்கும். கிளாம்பை இறுக்கினால் நான்காவதையும் தொடும்வரை காஸ்டிங் வளையும். அந்த வளைவோடு மில்லிங் செய்தால் மெஷினில் முகம் சமமாக இருக்கும். கழற்றி எடுத்து சர்ஃபேஸ் பிளேட்டில் வைத்தால் வளைந்திருக்கும்.

தாங்கல் வேண்டும்தான், ஆனால் அது முட்டாக இருக்கக்கூடாது. ஸ்பிரிங் வைத்த ஜாக் ஒன்றைப் போடுங்கள். ஜாப் மூன்று பட்டனில் உட்கார்ந்து, முக்கியக் கிளாம்ப் இறுகிய பிறகு ஜாக்கை மேலே விட்டு, அடியைத் தொட்டதும் பூட்டுங்கள். ஸ்பிரிங் ஜாபைத் தூக்கும் அளவுக்கு வலுவாக இருக்கக்கூடாது. அடுத்த ஜாப் ஏற்றும் முன் பூட்டைத் தளர்த்த மறந்தால், ஜாக்கே நான்காவது பட்டனாகிவிடும். அந்தக் கைப்பிடிக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து வைப்பது நல்ல பழக்கம்.

புரட்டிப் பயன்படுத்தும் டிரில் ஜிக்குக்கு மட்டும் பழைய டூல்மேக்கர்கள் வேண்டுமென்றே நான்கு கால் வைப்பார்கள். ஜிக்கின் கால்கள் கிரைண்டிங் ஆனவை, மெஷின் டேபிளும் சமம். நான்கும் தொட வேண்டும். ஒரு காலின் அடியில் தூள் மாட்டினால் ஜிக் ஆடும், ஆபரேட்டருக்குக் கையிலேயே தெரியும். மூன்று கால் ஜிக் ஆடாமல் சாய்ந்து நின்று, துளையைச் சாய்த்துவிடும். கூடுதல் முட்டை எச்சரிக்கை மணியாக்கிய புத்திசாலித்தனம் இது.

கிளாம்ப்

கிளாம்ப் ஜாபை இடம் காட்டக்கூடாது, காட்டிய இடத்தில் பிடித்துவைக்க மட்டும் வேண்டும். அதனால் ஒவ்வொரு கிளாம்பும் ஒரு முட்டுக்கு நேர் எதிரே, அல்லது கூடியவரை நேராக, அழுத்த வேண்டும். இரண்டு பட்டன்களுக்கு நடுவே, கீழே ஒன்றுமில்லாத இடத்தில் அழுத்தினால் ஜாப் வில்லாக வளையும். வெட்டும் விசை கிளாம்ப் பக்கம் போகாமல் முட்டுப் பக்கம் போகும்படி கட்டர் திசையை அமையுங்கள்.

எவ்வளவு இறுக்குகிறோம் என்பதைக் கையளவுக்கு விடுவது ஆபத்து. எம்12 ஸ்டட்டில் 40 நியூட்டன் மீட்டர் முறுக்கினால், எண்ணெய் இல்லாத மரையில் ஏறக்குறைய 16 முதல் 17 கிலோநியூட்டன் இழுவிசை வரும், அதாவது ஒன்றரை டன்னுக்கு மேல். பட்டைக் கிளாம்பில் ஸ்டட் நட்டநடுவில் இருந்தால் பாதி ஜாபுக்கு, பாதி பின்னால் உள்ள முட்டுக்கட்டைக்கு. ஸ்டட்டை ஜாபுக்குப் பக்கமாக நகர்த்தினால் ஜாபுக்குப் போகும் பங்கு கூடும். தூரமாக வைத்துவிட்டு நீளக் குழாய் போட்டு முறுக்குவது வெறும் வீண்.

இறுக்கும் வரிசையும் உண்டு. முதலில் பக்கக் கிளாம்புகளை லேசாகத் தொட்டு ஜாபைப் பின்களோடு சேருங்கள். பிறகு மேல் கிளாம்பை முழுதும் இறுக்குங்கள். கடைசியில் பக்கக் கிளாம்பு. மேல் கிளாம்பை முதலில் இறுக்கினால் உராய்வு ஜாபைப் பிடித்துக்கொள்ளும், பக்கத்துப் பின்னுக்கும் ஜாபுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி அப்படியே தங்கிவிடும்.

இரண்டாவது ஆபரேஷன்: ஒரு முகம், இரண்டு துளை

இப்போது மெஷினிங் ஆன முகம் கீழே. அதில் 160 மி.மீ. மைய தூரத்தில் 12 எச்7 துளைகள் இரண்டு. 12 எச்7 என்பது ஒரு டாலரன்ஸ் குறியீடு: துளை விட்டம் 12.000 முதல் 12.018 வரை இருக்கலாம். இந்த ஏற்பாட்டில்தான் அதிகமான ஃபிக்ஸ்சர்கள் கெடுகின்றன, அதனால் எண்ணோடு பார்ப்போம்.

முகம் 3, உருண்டைப் பின் 2, இன்னொரு உருண்டைப் பின் 2. மொத்தம் 7. இரட்டித்தது எது? இரண்டு துளைகளையும் சேர்க்கும் கோட்டின் வழியே நகர்வது. அதை இரண்டு பின்னும் பிடிக்கின்றன. மைய தூரம் ஜாபிலும் ஃபிக்ஸ்சரிலும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் ஜாபில் ±0.05, ஃபிக்ஸ்சரில் ±0.01 என்றால் மோசமான நிலையில் 0.06 விலகல்.

பின் ஜி6 அளவில், அதாவது 11.983 முதல் 11.994 வரை செய்ததாக வைத்துக்கொள்வோம். பெரிய பின்னும் சிறிய துளையும் சந்தித்தால் இடைவெளி 0.006. பின் ஒரு பக்கம் நகர்வது அதில் பாதி. இரண்டு பின்னும் சேர்ந்து தாங்கும் மைய விலகல் 0.006 மட்டுமே, தேவை 0.06. சில ஜாப்கள் ஏறவே ஏறாது, சிலவற்றை நைலான் சுத்தியால் தட்டி ஏற்றுவார்கள், கழற்றும்போது துளையில் கீறல் விழும்.

இரண்டாவது பின்னைச் சிறிதாக்கிவிடலாம் என்று ஒரு யோசனை வரும். கணக்குப் போட்டால் அதற்கு 0.114 இடைவெளி வேண்டும், பின் 11.886 ஆகிவிடும். ஜாப் சுலபமாக ஏறும், கூடவே திரும்பவும் செய்யும். முதல் பின்னில் 0.003, இரண்டாவதில் 0.057; இரண்டும் எதிரெதிராகப் போனால் 160 மி.மீ. தூரத்தில் 0.06. 100 மி.மீ.க்குச் சுமார் 0.04 கோணல், இரு பக்கமும்.

சரியான வழி இரண்டாவது இடத்தில் டயமண்ட் பின். உருண்டைப் பின்னின் இரு பக்கத்தையும் சீவி, எதிரெதிரே இரண்டு குறுகிய பட்டைகளை மட்டும் விட்டுவைத்த பின் அது. பட்டை அகலம் 2 மி.மீ. என்றால் தேவையான இடைவெளிக்கு இந்த எளிய கணக்கு போதும்:

இடைவெளி = 2 × பட்டை அகலம் × தாங்க வேண்டிய விலகல் ÷ துளை விட்டம்

தாங்க வேண்டியது 0.06, அதில் 0.003ஐ முதல் பின் எடுத்துக்கொள்ளும், மீதி 0.057. 2 × 2 × 0.057 ÷ 12 = 0.019. ஓரத்தில் கொஞ்சம் விட்டு 0.020 என்று வைத்தால் பின் பெரிய அளவில் 11.980. இப்போது கோணல் எவ்வளவு? 0.003 உடன் 0.010 கூட்டி 160ஆல் வகுத்தால் 100 மி.மீ.க்கு 0.008. உருண்டைப் பின்னைச் சிறிதாக்கியபோது வந்ததில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. துளை மேல் எல்லையில் இருந்தால் இரண்டு கணக்கிலும் சற்றுக் கூடும். வித்தியாசம் அப்படியே நிற்கும்.

பட்டையை இன்னும் குறைத்தால் இடைவெளி இன்னும் குறையுமே என்றால், குறையும், பட்டையும் சீக்கிரம் தேயும். தினமும் நூற்றுக்கணக்கில் ஏற்றி இறக்கும் ஃபிக்ஸ்சரில் 1 மி.மீ. பட்டை வேண்டாம்.

டயமண்ட் பின்னில் மூன்று தவறு திரும்பத் திரும்ப நடக்கும்.

ஒன்று, திசை. இரண்டு பட்டைகளையும் சேர்க்கும் கோடு, இரண்டு துளைகளையும் சேர்க்கும் கோட்டுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். 90 டிகிரி மாற்றிப் பொருத்தினால் மைய விலகலுக்கு இடமும் இருக்காது, திரும்புவதற்குத் தடையும் இருக்காது. பின்னை அமுக்கும்போது லேசாகத் திரும்பிவிடும் என்பதால் அடியில் ஒரு தட்டை வெட்டி, சாவியோ கிரப் ஸ்குரூவோ போட்டு நிறுத்துங்கள்.

இரண்டாவது, நீளம். நீளமான உருண்டைப் பின் சாய்வையும் பிடிக்கும். கீழே முகமும் அதே சாய்வைப் பிடிக்கிறது. துளை முகத்துக்கு மிகச் சரியாகச் செங்குத்து இல்லை என்றால் ஜாப் பின்னில் மாட்டிக்கொண்டு முகத்தில் உட்காராது. 12 மி.மீ. பின்னுக்கு 5 மி.மீ. நேர் நீளம் போதும். மேலே 15 டிகிரி சரிவில் வழிகாட்டும் மூக்கு.

மூன்றாவது, உயரம். இரண்டு பின்னும் ஒரே உயரமாக இருந்தால் ஆபரேட்டர் இரண்டு துளையையும் ஒரே சமயத்தில் தேட வேண்டும். டயமண்ட் பின்னை 3 முதல் 5 மி.மீ. வரை குட்டையாக்குங்கள். முதலில் உருண்டைப் பின்னில் நுழைத்து, ஜாபைத் திருப்பி, அடுத்ததில் இறக்கலாம்.

இரண்டு பின்னுக்கும் அடியில் பேஸ் பிளேட்டில் துளையை முழுதும் விட்டுவையுங்கள். தேய்ந்த பின்னை அடியிலிருந்து தட்டி வெளியே எடுக்க அது ஒன்றே வழி. பின்னைச் சுற்றிச் சின்னக் காடி ஒன்று வெட்டினால் துளை வாயில் நிற்கும் பிசிறும் தூளும் அதில் போய்விடும்.

வைஸ், வி பிளாக், சக்

ஃபிக்ஸ்சர் இல்லாத இடத்திலும் இதே எண்ணிக்கைதான். வைஸில் பேரலல் (ஜாபின் அடியில் வைக்கும் சம உயரக் கட்டைகள்) 3, நகராத தாடை 2, ஓர முட்டு 1. நகரும் தாடை கிளாம்ப் மட்டுமே. கச்சாப் பக்கம் நகரும் தாடையில் தட்டையாக உட்கார்ந்தால் அதுவும் இடம் காட்டத் தொடங்கி, ஜாபை நகராத தாடையிலிருந்து விலக்கிவிடும். நடுவே 10 மி.மீ. உருண்டைக் கம்பி ஒன்றைப் படுக்கவைத்து இறுக்குங்கள். கம்பி ஒரு கோட்டில் மட்டும் அழுத்தும், ஜாப் நகராத தாடையோடு முழுதும் ஒட்டும்.

90 டிகிரி வி பிளாக்கில் தண்டின் விட்டம் 0.1 மாறினால் மையம் 0.07 ஏறி இறங்கும், ஆனால் வியின் நடுக்கோட்டிலேயே. குறுக்குத் துளை போட வேண்டுமென்றால் டிரில் அந்த நடுக்கோட்டின் வழியே இறங்கட்டும். தண்டு தடித்தாலும் மெலிந்தாலும் துளை மையத்தை விட்டு விலகாது. பக்கவாட்டிலிருந்து துளையிட்டால் அந்த 0.07 அப்படியே துளையில் தெரியும்.

லேத் சக்கில் தண்டை 50 மி.மீ. ஆழம் பிடித்துவிட்டு டெயில்ஸ்டாக் சென்டரையும் கொடுப்பது இரட்டிப்பு. நீளப் பிடி நான்கு அசைவைப் பிடிக்கிறது, சென்டர் அதில் இரண்டை மறுபடி பிடிக்கிறது. சென்டர் கொஞ்சம் தள்ளி இருந்தாலும் தண்டு வளைந்தே சுழலும். தாடைக்கும் தண்டுக்கும் நடுவே செம்புக் கம்பி வளையம் ஒன்றைச் சுற்றிப் பிடித்தால் பிடி குட்டையாகிவிடும். தண்டு சென்டர் சொல்கிறபடி நிற்கும்.

ஆறுக்கு மேல் வேண்டுமென்றே வைப்பதும் உண்டு. சிஎன்சி மெஷினின் ஓர் அச்சில் இரண்டு லீனியர் ரெயில், நான்கு பிளாக் இருக்கும். எண்ணினால் தேவைக்கு எத்தனையோ மடங்கு அதிகம். விறைப்புக்காக அப்படிச் செய்கிறார்கள். அதற்கு விலை, பொருத்தும் துல்லியம். ஒரு ரெயிலைத் தோளோடு சேர்த்து முழுதும் இறுக்கி, மற்றதன் ஸ்குரூக்களைத் தளர்வாக விட்டு, கேரேஜை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓட்டி, அது நின்ற இடத்தில் ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். இதைச் செய்யாமல் இரண்டையும் அளவு பார்த்து இறுக்கினால் கேரேஜ் ஒரு முனையில் லேசாகவும் மறு முனையில் கனமாகவும் ஓடும்.

செய்து முடித்த ஃபிக்ஸ்சரைச் சோதிப்பது

1. கிளாம்ப் இல்லாமல் ஜாபை வையுங்கள். ஒவ்வொரு மூலையிலும் விரலால் அழுத்துங்கள். ஆடினால் நான்காவது முட்டு எங்கோ இருக்கிறது. பட்டனாக இல்லாவிட்டால் பிசிறாகவோ கிளாம்பின் அடிப்பகுதியாகவோ இருக்கும்.

2. ஆறு முட்டிலும் 0.03 ஃபீலர் கேஜ் நுழைகிறதா பாருங்கள். எங்காவது நுழைந்தால் அந்த முட்டு வேலை செய்யவில்லை. கைக்கு எட்டாத இடம் என்றால் பட்டனில் ப்ளூ (தொடும் இடத்தைக் காட்டும் நீலச் சாயம்) தடவி, ஜாபில் ஒட்டியிருக்கிறதா பாருங்கள்.

3. ஜாபின் மேல் முகத்தில் டயல் கேஜை வைத்து கிளாம்புகளை ஒவ்வொன்றாக இறுக்குங்கள். முள் 0.02க்கு மேல் நகர்ந்தால் அந்தக் கிளாம்ப் ஜாபை வளைக்கிறது அல்லது தூக்குகிறது. எந்தக் கிளாம்ப் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

4. ஒரே ஜாபைப் பத்து முறை ஏற்றி இறக்கி, ஒவ்வொரு முறையும் டயல் அளவைக் குறியுங்கள். பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசம், வரைபடத்தில் கேட்ட டாலரன்ஸில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் நிம்மதியாக ஓட்டலாம்.

5. பிறகு பத்து வேறு ஜாப்களில் அதையே செய்யுங்கள். நான்காவது சோதனையில் நன்றாக வந்து இதில் மட்டும் சிதறினால், முட்டுகள் எண்ணிக்கையில் கூடியிருக்க வாய்ப்பு அதிகம்: ஒரே ஜாப் எப்போதும் அதே ஆறில்தான் உட்காரும், வேறு ஜாப் வேறு ஆறைத் தேடிக்கொள்ளும்.

ஓடிக்கொண்டிருக்கும் ஃபிக்ஸ்சரில் கோளாறு வந்தால் அது வரும் விதத்தைப் பாருங்கள். நாளுக்கு நாள் மெல்ல ஒரே திசையில் விலகினால் அந்தத் திசைப் பின் தேய்கிறது. ஷிஃப்ட் மாறும்போது மாறினால் இறுக்கும் வரிசையோ முறுக்கோ ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. டார்க் ரெஞ்ச் கொடுங்கள். திடீரென்று ஒரு ஜாப் மட்டும் சாய்ந்தால் பட்டனில் தூள். பட்டனின் தலையைச் சிறிதாக்கி, பேஸ் பிளேட்டிலிருந்து 10 மி.மீ.யாவது உயர்த்தி வைத்தால் தூள் அதன் மேல் தங்காது. புது லாட் காஸ்டிங் வந்த நாளிலிருந்து எல்லாமே மாறினால், ஃபிக்ஸ்சரைத் தொடாதீர்கள். பின் தொடும் இடத்தில் பேட்டர்ன் (வார்ப்பு அச்சுக்கான மாதிரி) மாறியிருக்கிறதா என்று பழைய காஸ்டிங்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.